பள்ளத்தெரு அடைத்த கால்வாய்

நைனார்பாளையத்திலிருந்து சின்னப்பொண்ணைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியபோது, கள்ளக்குறிச்சிப் பள்ளத்தெருவில் கணுக்கால் அளவுக்குச் சாக்கடை நின்றது. மழை ஒன்றும் பெய்யவில்லை. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. தெருவுக்கு மேலே இருக்கும் தெய்வசிகாமணி நகரில், ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லாரும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, வாரத் துணியை மெஷினில் போட்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

பெண்ணின் அம்மா தைலம்மாள் முந்தின நாளே செங்கல் துண்டுகளை வரிசையாகப் போட்டு நடக்க வழி செய்து வைத்திருந்தாள். அதெல்லாம் மூழ்கிப்போயிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஜெயம்மாள் புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவள் காலைத் தரையில் ஊன்றவில்லை. நாற்காலி மேலேயே மடக்கி வைத்துக்கொண்டாள். காப்பியை நீட்டியபோது, இப்போதுதான் பஸ் ஸ்டாண்டில் குடித்தோம் என்று சொல்லிவிட்டாள்.

"இது எப்பவும் இப்பிடித்தானா?" என்று கேட்டாள்.

தைலம்மாளின் புருஷன் கொளஞ்சியப்பன் முந்திக்கொண்டான். "மழைக்கு மட்டுந்தாங்க."

வெளியே காய்ந்த வெயிலை எல்லாரும் ஒருமுறை பார்த்தார்கள்.

"பொய் சொல்லாத," என்றாள் தைலம்மாள். "தெனமும் இப்பிடித்தாங்க. லீவு நாள்ல ஜாஸ்தி."

சாயங்காலம் போன் வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். ஆனால் நாளைக்கு நல்லது கெட்டது என்றால் நாலு பேர் வந்து போகிற இடமாக இருக்க வேண்டுமாம். தைலம்மாள் போனை வைத்தாள். சின்னப்பொண்ணு காப்பி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள். எதையும் சத்தமாகச் சொல்ல மாட்டாள்.

"அந்தம்மா சொன்னதுல இன்னாம்மா தப்பு? நானா இருந்தாலும் காலத் தூக்கிக்கினுதான் ஒக்காருவேன்," என்றாள்.

மகள் அழுதிருந்தால் தைலம்மாளும் கூட உட்கார்ந்து அழுதிருப்பாள். இப்படிச் சொன்னதுதான் அவளுக்குள் போய்க் கொதித்தது.

மறுநாள் காலையில் அவள் நகரின் மேட்டு வரிசைக்கு ஏறிப் போனாள். அங்கே முதல் வீடு தனசேகரனுடையது. நகருக்குப் பெயராக இருக்கும் தெய்வசிகாமணியின் மகன். நகர் நலச் சங்கத்துக்குத் தலைவனும் அவன்தான். வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். ரப்பர் குழாயிலிருந்து வழிந்த தண்ணீர் கால்வாயில் விழுந்து பள்ளத்தெருவைப் பார்த்து ஓடியது.

"ஏங்க, காவா தண்ணி எங்க வூட்டுக்குள்ள வருது. எத்தன தபா சொல்றது?"

"வா தைலம்மா. தண்ணி பள்ளத்துக்குத்தான் போவும். அத மேட்டுக்கு ஏத்த முடியுமா? நீயே சொல்லு."

"தண்ணி வரட்டுங்க. பீ ஏங்க வருது?"

குழாயைப் பிடித்திருந்த கை நின்றது. அவள் விடவில்லை.

"அது மழத் தண்ணி போறதுக்குக் கட்டின காவா. எல்லா வூட்லயும் கக்கூஸ் தொட்டி ரொம்பி வழியறத பைப்பு வெச்சி அதுல வுட்டிருக்கீங்க. நடந்து போனாலே பைப்பு தெரியுது. ஒங்க வூட்டு பைப்பு அதோ தெரியுது."

"சங்கத்து மீட்டிங்ல பேசறேன். மொதல்ல சத்தம் போடாத."

"போன வருசமும் மீட்டிங்ல பேசறேன்னுதான் சொன்னீங்க."

தனசேகரன் குழாயைக் கீழே போட்டான். "இதப் பாரு. எங்கப்பா ஒங்களுக்கு சும்மா குடுத்த எடம் அது. இன்னிக்கி இந்த ஊர்ல எவன் சும்மா குடுப்பான்? வாங்கிக்கினு, அதுல கொற வேற சொன்னா எப்பிடி?"

சும்மா கொடுத்த இடம். அந்த வார்த்தையைத் தைலம்மாள் முன்பும் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் நகர் முகப்பு வளைவுக்குக் கீழே மேடை போட்டு, கோலப்போட்டியும் லெமன் ஸ்பூனும் நடத்தி, கடைசியில் யாராவது ஒருவர் நகரின் வரலாற்றைச் சொல்வார்கள். பெரியவர் தெய்வசிகாமணி கரும்புக் கொல்லையை மனையாக்கியது, கோயிலுக்கு இடம் விட்டது, ஏழைகளுக்கு இலவசமாக மனை தந்தது. மைக்கில் அதைச் சொல்லும்போது கைதட்டுவார்கள். பந்தல் போட்ட பள்ளத்தெரு ஆண்கள் வளைவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

மைக்கில் சொல்லாதது இது. அந்தக் கரும்புக் கொல்லையில் கிணற்றடியைச் சுற்றிக் கொளஞ்சியப்பனின் அப்பா பச்சமுத்துவும் மற்றவர்களும் குடிசை போட்டிருந்தார்கள். களை வெட்டியதும் கரும்பு வெட்டியதும் இரவில் தண்ணீர் கட்டியதும் அவர்கள்தான். எண்பதுகளில் மனை போட நூல் பிடித்தபோது நகரின் பெரிய ரோடு சரியாக அந்தக் குடிசைகள் மேல் வந்தது. காலி பண்ணச் சொன்னார்கள். எங்கே போவது என்று பச்சமுத்து கேட்டபோது, தெய்வசிகாமணி கொல்லையின் கடைசி மூலையைக் காட்டினார். செங்கல் சூளைக்கு மண் எடுத்து எடுத்து ஆள் மட்டத்துக்குத் தோண்டிப்போட்ட பள்ளம். தவளை கத்துகிற பள்ளம். அதைத்தான் கொடுத்தார். குடியிருக்கிற இடத்தைப் பிடுங்கிக்கொண்டு கொடுத்தார்.

கல்யாணமாகி வந்த புதிதில் தைலம்மாள் அந்தப் பள்ளத்துக்கு மண் சுமந்தாள். ஏரி வண்டலைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து, ஒரு கோடை முழுக்க ஆணும் பெண்ணுமாகச் சுமந்தார்கள். பகலில் கொல்லை வேலை, பொழுது சாயும்போது மண் வேலை. வயிற்றிலிருந்த அவளுடைய முதல் பிள்ளை அந்தக் கூடையோடு கலைந்துபோனது. பள்ளம் முழுக்க நிரம்பவில்லை. ஆனாலும் குடியேறினார்கள். பிறகு அரசாங்கம் பட்டா கொடுத்தது, கரண்ட் வந்தது. குடிதண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள், குழாயும் வந்தது. ஆடியில் தெருவின் நடுவே அடுப்பு மூட்டி அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். நகரில் எழும்பிய ஒவ்வொரு வீட்டுக்கும் செங்கல் சுமந்ததும் சாந்து கலந்ததும் பள்ளத்தெருதான்.

கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரான பிறகு நிலைமை கெட்டது. உத்தியோகத்துக்கு வந்தவர்கள் வாடகைக்கு வீடு தேடினார்கள். நகரில் ஒரு மாடி இருந்தவன் இன்னொன்று எழுப்பினான். ஒரு குடும்பத்துக்குத் தோண்டிய மலத்தொட்டியில் நாலு குடும்பம் இறங்கியது. லாரி கூப்பிட்டு அள்ளுவது செலவு. கால்வாய் வாசலிலேயே ஓடுகிறது. ஒருவன் பைப் வைத்தான், எல்லாரும் வைத்தார்கள். மூன்று ஆடியாகப் பள்ளத்தெருவில் கூழ் அடுப்பு வைக்க இடமில்லை.

இதையெல்லாம் தைலம்மாள் தனசேகரனிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. "சும்மாவா?" என்று மட்டும் கேட்டாள். அவனுடைய அப்பாவை இவளுடைய மாமனார் ஆண்டே என்று கூப்பிட்டுத்தான் பேசுவார். கார் ஈரம் சொட்டிக்கொண்டிருந்த அந்த வாசலில் நின்று, "சும்மாவாடா குடுத்தான் ஒங்கப்பன்?" என்று மறுபடியும் கேட்டாள். கேட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

நகரின் கால்வாய் ரோட்டுக்கு அடியில் சிமெண்டுக் குழாய் வழியாகப் புகுந்து பள்ளத்தெருவில் வாயைத் திறக்கும். அன்றைக்கே அவள் கடப்பாரையும் காலி சிமெண்டுச் சாக்குகளும் எடுத்துக்கொண்டு அங்கே போனாள். ரோட்டோரத்துக் களிமண்ணை வெட்டிச் சாக்கில் அடைத்தாள். பக்கத்து வீட்டுப் பெரியநாயகி வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏண்டி, இன்னா பண்ற?"

"அடைக்கப் போறேன்."

"கேசு போடுவானுங்கடி."

"போடட்டும். ஜெயில்ல கட்டிலுக்கு அடியில பீத்தண்ணி வராதில்ல."

பெரியநாயகி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சாக்கின் வாயைப் பிடித்தாள். இட்லிக்கடை காசியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். வேலைக்குப் போகாத பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஆண்கள் விடிகாலையிலேயே கரும்பு வெட்ட மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போய்விட்டார்கள், திரும்ப நாலைந்து நாளாகும். சின்னப்பொண்ணு கடைக்குப் புறப்பட்டவள், பையை வீட்டில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். நடைப்பயிற்சிக்கு வந்த நகர்க்காரர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். "நல்லாப் புடிங்க, மூஞ்சி தெரியறாப்பல," என்றாள் காசியம்மாள்.

மத்தியானத்துக்குள் குழாயின் வாய் மூடிவிட்டது. மூட்டைகள் மேல் பெண்கள் முறை வைத்து உட்கார்ந்தார்கள்.

மறுநாள் நகர் குளித்து முடித்தபோது கால்வாயில் தண்ணீர் நின்றது. பிறகு ஏறியது. மேட்டு வரிசைக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசி வரிசை வீடுகளின் வாசலில் ஏறி, படியில் ஏறி, உள்ளே போனது. அந்த வரிசையின் ஓரத்து வீடு கமலா டீச்சருடையது.

தைலம்மாள் அந்த வீட்டில் பல வருடமாகப் பாத்திரம் தேய்க்கிறாள், பெருக்கித் துடைக்கிறாள். சின்னப்பொண்ணைப் பத்தாம் வகுப்பில் தேற வைத்தது கமலாதான். மாலையில் கூப்பிட்டு வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. அவள் புருஷன் காசிநாதன் சர்க்கரை ஆலையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் விழுந்து கீழ்த்தளத்து அறையில் படுக்கையாகக் கிடந்தார்.

கமலா செருப்பில்லாமல் ரோட்டுக்கு வந்து நின்றாள். புடவைக் கரை நனைந்து கறுத்திருந்தது. சத்தம் போடவில்லை.

"தைலம்மா, அவரு கட்டிலுக்கு அடியில வந்துடுச்சி. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

தைலம்மாள் மூட்டையிலிருந்து எழுந்தாள். "இன்னா சொல்லணும் டீச்சர்? தெனம் இந்த ரோட்டுலதான போறீங்க. முந்தானையால மூக்க மூடிக்கினுதான போறீங்க."

கமலாவுக்கு முகம் சிவந்தது. "நான் ஒனக்கு இன்னா கெடுதல் பண்ணேன்?"

"அய்யாவ மொதல்ல மேல தூக்குவோம். அப்பால பேசலாம்."

தைலம்மாள், பெரியநாயகி, காசியம்மாள், சின்னப்பொண்ணு நாலு பேரும் போனார்கள். அறையில் சாக்கடை மினுமினுத்துக்கொண்டு நின்றது. அந்த நாற்றம் அவர்களுக்குப் புதிதில்லை. காசிநாதனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, துண்டால் மார்போடு கட்டி, ஆளுக்கொரு காலாகப் பிடித்துத் தூக்கினார்கள். படி குறுகல். பாதியில் பெரியநாயகிக்கு மூச்சு வாங்கியது. அவர் வாய் கோணி ஏதோ சொல்ல முயன்றார், எச்சில் வழிந்தது. சின்னப்பொண்ணு தோளால் அதைத் துடைத்துவிட்டாள். மாடி அறையில் படுக்க வைத்து, நனைந்த வேட்டியை மாற்றி, மருந்துப் பெட்டியையும் மேலே கொண்டுவந்து வைத்தார்கள்.

கீழே இறங்கும்போது கல்வராயன் மலைப் பக்கம் வானம் கறுத்து வந்திருந்தது. காற்றில் மழை வாசம். கமலா படியில் வழி மறித்து நின்றாள்.

"மழை வரப்போவுது. வந்தா மேசை, பீரோ எதுவும் மிஞ்சாது. ஒங்கையப் புடிச்சிக் கேக்கறேன், இப்பவாவது எடுத்துடு."

"எடுக்க மாட்டேன் டீச்சர்."

"இந்தப் பொண்ணுக்கு நான் பாடம் சொல்லிக் குடுத்தனே. அத நெனச்சிப் பாக்க மாட்டியா?"

"நெனச்சிப் பாத்துதான் இத்தன வருசம் ஒங்ககிட்ட வாய மூடிக்கினு இருந்தேன். இந்த வூட்டு பைப்பும் அந்தக் காவாயிலதான் இருக்குது. நான் இங்க கக்கூஸ் கழுவி ஊத்தற தண்ணி எனக்கு முன்னாடி எங்க வூட்டுக்குப் போயிடுது. சாயங்காலம் போய் அதையே அள்ளிக் கொட்றேன். ஒங்க பைப்ப அடைங்க. எல்லாரையும் அடைக்கச் சொல்லுங்க. நான் மூட்டைய எடுக்கறேன்."

"நான் சொன்னா தனசேகரன் கேப்பானா?"

"கேக்க மாட்டாரு. நான் சொன்னப்பவும் கேக்கல."

மழை வந்தது. பெண்கள் மூட்டைகள் மேல் கோணிச்சாக்கை மடித்துத் தலைக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசை வீடுகளில் முழங்கால் அளவு ஏறிவிட்டது. குடியிருந்தவர்கள் கியாஸ் அடுப்பையும் பிள்ளைகளின் புத்தகப் பையையும் மாடிக்குத் தூக்கினார்கள். தைலம்மாள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சந்தோஷப்படவில்லை. எடுக்கவும் இல்லை.

மழை விட்டதும் தனசேகரன் போலீஸ் ஜீப்போடு வந்தான். சப் இன்ஸ்பெக்டர் இளைஞர். அடைத்திருந்த குழாயையும் பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொதுச் சொத்த அடைச்சா ரிமாண்டுதாம்மா. தெரியுமில்ல?"

"தெரியுங்க. இந்தப் பக்கம் வந்து ஒரு வூட்ட மட்டும் பாத்துட்டு அப்பால கூப்பிட்டுக்கினு போங்க," என்றாள் தைலம்மாள்.

அவர் தயங்கிவிட்டு, பூட்ஸ் காலோடு பள்ளத்தெருவில் இறங்கினார். வீட்டுச் சுவர்களில் இடுப்பு உயரத்துக்குக் கறைக் கோடு ஓடியது. காசியம்மாளின் வீட்டில் கட்டில் கால்களுக்குச் செங்கல் அண்டை கொடுத்து உயர்த்தியிருந்தது. திரும்பி வந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. ஆனாலும் புகார் என்றால் புகார்தான் என்றார்.

"டீச்சர் எழுதிக் குடுப்பாங்க சார். பேஷண்ட வெச்சிக்கினு அவங்கதான் ரொம்பக் கஷ்டப்பட்டாங்க," என்றான் தனசேகரன்.

கமலா முன்னால் வந்தாள். தைலம்மாளின் பக்கம் திரும்பவேயில்லை.

"எழுதித் தரேன் சார். எனக்கு இவ மேல கோவம் இருக்கு. எங்க வீட்டுக்காரர் உயிரோட வெளயாடிட்டா. அதையும் எழுதறேன். எங்க வீட்டு மலத்தொட்டி பைப் இந்தக் கால்வாயில இருக்கு, அதையும் எழுதறேன். தலைவர் வீட்டு பைப்பும் இருக்கு. ஒவ்வொரு வீடாப் போய்ப் பாத்து எழுதறேன். எல்லாத்தையும் சேத்துப் பதிஞ்சிக்குங்க."

தனசேகரன் சிரித்து மழுப்பப் பார்த்தான். "டீச்சர், நம்ம நகர் மானத்த நீங்களே..."

"எங்க வீட்டுக்குள்ள வந்து பாருங்க, நகர் மானம் மெதக்குது," என்றாள் கமலா.

சப் இன்ஸ்பெக்டர் புகாரை வாங்கிக்கொள்ளாமலே நின்றார். பிறகு தனசேகரனைத் தனியே அழைத்து, முதலில் பைப்புகளை அடையுங்கள், இல்லையென்றால் இரண்டு பக்கமும்தான் கேஸ் போட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அன்று மாலையே கமலா கொத்தனாரைக் கூட்டிவந்து தன் வீட்டு பைப்பைச் சிமெண்டு வைத்து அடைத்தாள். கடைசி வரிசையில் மற்றவர்களும் அடைத்தார்கள். அடைத்தும் தண்ணீர் வடியவில்லை, மேலேயிருந்து வந்துகொண்டே இருந்தது. அவர்கள் கூட்டமாக மேட்டுக்கு ஏறிப் போய்க் கேட்டார்கள். "எங்க வூட்டுக்கு ஒண்ணும் தண்ணி வரலையே," என்று மேட்டு வரிசையில் ஒருவர் சொன்னார். அந்த வார்த்தைக்குக் கைகலப்பு வரைக்கும் போனது. ஒரே கோயிலில் கும்பிட்டு, ஒரே மேடையில் கோலப்போட்டி நடத்தியவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். தனசேகரனின் வீட்டு பைப் கடைசியாகத்தான் மூடியது. அதுவும் வாசலில் நடக்கும் சண்டை தாங்காமல் அவன் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தவர்கள் காலி பண்ணுகிறோம் என்று சாமான் கட்ட ஆரம்பித்த பிறகு.

அது மூடியதை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தைலம்மாள் மூட்டைகளை இழுத்துப் போட்டாள். தேங்கியதெல்லாம் ஒரேயடியாகப் பள்ளத்தெருவில்தான் இறங்கியது. கடைசியாக ஒருமுறை அதை அள்ளியவர்களும் அந்தத் தெருக்காரர்கள்தான். ஊருக்குத் திரும்பி வந்த கொளஞ்சியப்பன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தைலம்மாள் பக்கத்தில் நின்று அள்ளினான். "நான் மழைக்கு மட்டும்னு சொல்லியிருக்கக் கூடாது," என்று ஒருதரம் சொன்னான்.

தெரு காய்ந்தது. அந்த ஆடியில் நடுத்தெருவில் கூழ் அடுப்பு எரிந்தது. நகருக்கும் பள்ளத்தெருவுக்கும் இடையில் மட்டும் எதுவும் பழைய மாதிரி ஆகவில்லை. அந்தப் பொங்கலுக்குப் பந்தல் போட வெளியூர் ஆட்களை வரவழைத்தார்கள். கூப்பிட்டிருந்தாலும் பள்ளத்தெருவில் யாரும் போயிருக்க மாட்டார்கள். தைலம்மாள் கமலா வீட்டு வேலைக்குத் திரும்பவில்லை. கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனாள்.

ஒருநாள் வாரச்சந்தையில் கீரை வாங்கும்போது கமலா பக்கத்தில் வந்து நின்றாள். இளைத்திருந்தாள்.

"அவரு ஒன்னத்தான் கேக்கறாரு. வாய் சரியா வரல, ஆனாலும் ஒம்பேரச் சொல்றாரு. சின்னப்பொண்ணையும் கேக்கறாரு."

தைலம்மாளுக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டாள். "வந்து பாக்கறேன் டீச்சர். ஞாயித்துக்கெழம வரேன். வேலைக்கு மட்டும் வேற ஆளப் பாருங்க."

"கோவம் இன்னும் போவலயா ஒனக்கு?"

"ஒங்களுக்குப் போயிடுச்சா?"

கமலா யோசித்தாள். "இல்ல," என்றாள்.

இருவரும் ஒரே வழியில்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நகர் வளைவு வந்ததும் கமலா உள்ளே திரும்பினாள். தைலம்மாள் ரோட்டைத் தாண்டிப் பள்ளத்தெருவில் இறங்கினாள்.